கிராஸ் ஸ்டிட்சும் பரதமும்: 46 வயதில் இரண்டையும் விடாமல் எப்படிச் செய்கிறீர்கள்?

மயில்நூல், கோவை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். சுருக்கமாகக் கேட்டால் "டைம் டேபிள் போட்டுக்கோங்க" என்று பதில் வரும், அதை நான் ஏற்கெனவே நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

எனக்கு 46 வயது. ஆறாம் வகுப்பில் தையல் டீச்சர் வெள்ளைத் துணியில் ஓட்டத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று போடவைத்தாரே, அன்றைக்குப் பிடித்த ஊசி. கல்யாணம், பிள்ளை, ஆபீஸ், மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து மாதம், எதிலும் அதை விட்டதில்லை. நடனம் அப்படி இல்லை. ஏழு வயதில் சேர்த்துவிட்டார்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று நிறுத்திவிட்டார்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் வரை வந்தேன், அடுத்து வரும் நீளமான உருப்படியான வர்ணத்தைத் தொடவே இல்லை. 28 வருஷம் கழித்து, பெரியவர்களுக்கென்று தனியாக வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சரைக் கண்டுபிடித்து, மறுபடியும் முதல் பாடமான தட்டடவிலிருந்து ஆரம்பித்து இப்போது மூன்று வருஷம் ஆகிறது. முதல் நாள் டீச்சர் தாளம் தட்டும் தட்டுக்கழியின் சத்தம் கேட்டதும் அழுதுவிட்டேன், அதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

இப்போது நிலைமை இது. தையல் சட்டத்தில் கிராஸ் ஸ்டிட்ச் மயில் ஒன்று இருக்கிறது, 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) துணியில் 140 கட்டம் அகலம், 210 கட்டம் உயரம். கட்டத்துக்கு ஒரு சிலுவைத் தையல், மொத்தம் 29,400. மணிக்கு நூறு போடுவேன், அதாவது 294 மணி நேர வேலை, அதில் ஏறக்குறைய 11,000தான் முடிந்திருக்கிறது. அதோடு அக்கா பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், "சித்தி கையால ரெண்டு பிளவுஸ்" என்று கேட்டாள், ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி), முதுகும் கையும் நிறைய. நான் சரி என்று சொல்லிவிட்டேன். அதோடு எங்கள் வகுப்பில் ஆறு பேர் மாசியில் சிவராத்திரிக்குப் பக்கத்துக் கோயிலில் ஆடுகிறோம். எனக்கு அது முதல் மேடை, 31 வருஷத்துக்கு அப்புறம்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மயிலின் கழுத்தில் உட்கார்ந்திருந்தேன். தலைக்குள் வகுப்பில் அன்று சொல்லிக்கொடுத்த தீர்மானம் (ஜதியை முடிக்கும் அடவுக் கோர்வை) ஓடிக்கொண்டே இருக்கிறது, வலது கால் தன்னால் தரையில் தட்டுகிறது. எட்டு கட்டம் போட வேண்டிய இடத்தில் ஏழு போட்டிருக்கிறேன். அது தெரியவந்தது பதினான்கு வரிசை தாண்டி. அன்று பிரித்து முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துணியை இழுத்துக்கட்டும் ஆரிக் கட்டில் முன்னால் சம்மணம் போட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அப்படியே வகுப்புக்கு ஓடினேன். முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் இறங்கியதும் இடது முட்டி பிடித்துக்கொண்டது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது. டீச்சர் எதுவும் சொல்லவில்லை, ஒரு நாற்காலியை மட்டும் கொண்டுவந்து போட்டார்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன், எதையும் தடுத்ததில்லை. ஆனால் அன்று ராத்திரி "ஒண்ணை எடுத்துக்கிட்டு அதை ஒழுங்கா செய்யேன்மா" என்றார். இரண்டு நாளாக அதையே யோசிக்கிறேன். எனக்கு இது இந்த வருஷக் கேள்வி இல்லை. 70 வயதிலும் கையில் ஊசி இருக்க வேண்டும், காலில் தாளம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டையும் ரொம்ப வருஷமாகச் செய்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். உண்மையில் எப்படிச் செய்கிறீர்கள்? எதை விட்டீர்கள்?

ஆரிக்கட்டில், காங்கயம் பக்கம்

அக்கா, முதலில் பிளவுஸ் விஷயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்களை நெரிப்பது மயிலும் இல்லை, சிவராத்திரியும் இல்லை, அந்த இரண்டு பிளவுஸ்தான்.

நான் ஆரி ஒர்க்கைத் தொழிலாகவே செய்கிறேன், ஒன்பது வருஷமாக. முதுகும் இரண்டு கையும் நிறைய வேலை என்றால், நாள் பூராவும் உட்காரும் எனக்கே ஒரு பிளவுஸுக்கு நாலு நாள் ஆகும். டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, ஊசியால் குத்தி ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில் சாக்பீஸ் பொடி குழைத்துத் தேய்த்துத் துணியில் இறக்குவதற்கே ஒரு காலைப் பொழுது போய்விடும். நீங்கள் ஆபீஸ் போய்வந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று பார்த்தால் இரண்டு பிளவுஸ் இரண்டு மாதத்தைத் தின்றுவிடும். அந்த இரண்டு மாதம்தான் உங்கள் பிராக்டிஸ் மாதம். சொந்தக்காரர்களுக்குச் செய்யும்போது தேதியை நாம் வைப்பதில்லை அக்கா, முகூர்த்தம்தான் வைக்கிறது. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பிரியத்துக்குச் செய்வது எதற்கும் தேதி ஒத்துக்கொள்ள மாட்டேன். தேதி இருந்தால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு, கூலி கொடுத்தால் வேறு ஆளும் செய்யலாம்.

ஒரு யோசனை. முகூர்த்தப் பிளவுஸின் கைகள் இரண்டை மட்டும் நீங்கள் போடுங்கள். போட்டோவில் எப்போதும் தெரிவது கைதான், மாலை போட்டதும் முதுகும் கழுத்தும் மறைந்துவிடும். மிச்சத்தைப் பக்கத்தில் நல்ல ஆரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

முட்டிக்கு இன்னொன்று. தரையில் சம்மணம் போட்டு ஆரி போடாதீர்கள். நானும் ஐந்து வருஷம் அப்படித்தான் போட்டேன், எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றித்தான் எழுந்தேன். இப்போது தச்சரிடம் சொல்லிக் கட்டிலுக்கு உயரமாகக் கால் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து போடுகிறேன். சட்டம் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் கழுத்து குனியாது.

நான் வள்ளிக்கும்மி ஆடுகிறேன். உங்கள் பக்கமும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் போன வருஷம் வாத்தியார் வந்து நாலு மாதம் சொல்லிக்கொடுத்தார், சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் மைதானத்தில் எட்டு வயதுப் பிள்ளையும் வரும், ஐம்பத்தைந்து வயது அம்மாவும் வருவார், எல்லோரும் ஒரே வட்டத்தில். முருகன் வேடனாக வந்து வள்ளியிடம் பேசும் இடம் வந்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கும். அரங்கேற்றம் முடிந்த பிறகும் வாரம் இரண்டு நாள் ஆடுகிறோம். அந்த நாலு மாதமும் நான் ஆறு மணிக்கு மேல் ஆர்டர் எடுக்கவில்லை. வருமானம் குறைந்தது, ஆனால் முதுகுவலி போய்விட்டது. நாள் பூரா குனிந்து உட்காருகிற எங்களுக்கு, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டி, வட்டமாகச் சுற்றி வருவதைவிட வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

ரேந்தைப்பாட்டி, நாகர்கோவில்

மக்களே, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு 63 வயது. உன் வயதில் எனக்கும் இதே கேள்வி வந்தது, யாரிடம் கேட்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ரேந்தை (லேஸ்) பின்னுவது பழைய தொழில். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா இங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, தலைமுறை தலைமுறையாக வந்தது. என் பாட்டி திண்டு வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார். கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி கேட்கும். நான் அதைத் தாளம் என்றே நினைத்து வளர்ந்தேன். பாட்டிக்குக் கண் மங்கியபோது ரேந்தையை நிறுத்தவில்லை. மெல்லிய நூலை விட்டுத் தடித்த நூலுக்கு மாறினார், சேலைக் கரைக்குப் பின்னியவர் மேசை விரிப்புக்குப் பின்னினார். இதை நான் பல வருஷம் சும்மா ஒரு ஞாபகமாக வைத்திருந்தேன். எனக்கு வெள்ளெழுத்து வந்தபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

உன் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார். நான் சொல்கிறேன், எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றையும் இல்லை, இரண்டும் உன்னோடு சேர்ந்து வயதாகட்டும் என்று விடு. 18 கவுண்டில் போட்டுக்கொண்டிருந்தவள் நான், 49 வயதில் 14க்கு வந்தேன், 57இல் 11க்கு வந்தேன். உன் மயிலையே 11 கவுண்டில் போட்டால் பத்து அங்குலம் பன்னிரண்டே முக்கால் ஆகும், இரண்டு இழைக்கு மூன்று இழை போட வேண்டும், ஊசி 24ஆம் நம்பருக்குப் பதில் 22. அவ்வளவுதான் வித்தியாசம். மயில் மயில்தான். ஊட்டிப் பக்கம் தோடர் பெண்கள் போடும் வேலையைப் பார்த்திருக்கிறாயா? சொரசொரப்பான வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்பும் நூல், படம் எதுவும் வரைவதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒரு வயதான அம்மா போடுவதை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இழை தடிப்பாக இருப்பதால் விரலே எண்ணிக்கொள்கிறது, கண்ணுக்குப் பாதி வேலைதான்.

நடனத்திலும் அப்படித்தான். 52 வயதில் என் வலது முட்டியைப் பார்த்துவிட்டு டாக்டர் முழுமண்டியும் (முழுக்க உட்காருவது) குதிப்பும் வேண்டாம் என்றார். அன்று வீட்டுக்கு வந்து சலங்கையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். எட்டு மாதம் அப்படியே கிடந்தது. என் பழைய தோழி ஒருத்திதான் கலாநிதி நாராயணன் என்ற பரதக் கலைஞரைப் பற்றிச் சொன்னாள். 1928இல் பிறந்தவர், சின்ன வயதில் ஆடி, நிறுத்தி, ஏறக்குறைய முப்பது வருஷம் நடனம் பக்கமே வராமல் இருந்து, 1973இல் திரும்பி வந்தார். வந்து கற்றுக்கொடுத்தது அபிநயம், முகத்தாலும் கையாலும் பாட்டின் பாவத்தைக் காட்டுவது. 1985இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு ஏறக்குறைய உன் வயதுதான் மக்களே. பெரிய பெரிய நர்த்தகிகள் எல்லாம் பதம் (அபிநயத்துக்கான மெதுவான பாட்டு) பிடிக்க அவரிடம் போய் உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் நான் பரணில் ஏறினேன். இப்போது ஒரு டீச்சரிடம் பதங்கள் மட்டும் பாடம் செய்கிறேன், பாதி உட்கார்ந்தே. ஒரே வரியைப் பத்து விதமாகக் காட்ட வேண்டும், பத்தாவது விதத்தைத் தேடி இரண்டு வாரம் அலைவேன். இருபது வயதில் எனக்கு இதைக் கொடுத்திருந்தால் ஒன்றும் விளங்கியிருக்காது.

நீ இன்னும் ஆட வேண்டிய வயதுதான், வர்ணத்தைத் தொடு. நான் சொல்வது பின்னால் வரும் காலத்துக்கு. மயிலை மட்டும் ராத்திரி டியூப்லைட்டில் போடாதே. நீலம் எது, ஊதா எது என்று அந்த வெளிச்சத்தில் தெரியாது. நான் ஒரு முறை ஒரு சாண் அளவுக்குத் தப்பு நிறத்தில் போட்டுவிட்டுக் காலையில் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஒயில், மதுரை

அக்கா, ஆம்பளை இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். எங்கள் ஊர் ஒயிலாட்டக் குழுவில் பதினெட்டு வயதிலிருந்து ஆடுகிறேன், இப்போது 39. அப்பா டெய்லர். மெஷினில் உட்காரும் முன்னால் கைத்தையல் கற்றுக்கொள் என்று பட்டன் ஓட்டையிலிருந்து ஆரம்பித்தார்.

ஒயிலுக்குக் கையில் கலர் துணி வேண்டும். கையை வீசும்போது அது காற்றில் சுற்றி மடங்கி ஒரே நேரத்தில் கீழே வர வேண்டும், இருபது பேருக்கும். கடையில் வாங்கும் துணியின் ஓரம் இரண்டு திருவிழாவில் பிரிந்துவிடும். ஒரு வருஷம் நானே எங்கள் குழுவுக்கு இருபது துணிக்கும் ஓரம் அடித்து, மூலையில் சங்கிலித் தையலில் ஒரு பூப் போட்டேன். போட்டதில் ஒன்று தெரிந்தது. மூலையில் நூல் கூடக் கூடக் கனம் ஏறுகிறது, துணி விழுகிற விதமே மாறுகிறது. பூவைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, கடைசியில் அஞ்சு இதழ், ஒரே இழை என்று நிறுத்தினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரைக்கு முன்னாலும் அதுதான் என் வேலை. நான் தைப்பது ஆடுவதற்காக என்று ஆகிவிட்டதால் நேரத்துக்குச் சண்டையே வருவதில்லை.

உங்களுக்கும் அப்படி ஏதாவது அமையுமா பாருங்கள். சிவராத்திரிக்கு ஆறு பேர் ஆடுகிறீர்கள் என்றால் தாவணித் துண்டோ இடுப்புப் பட்டையோ இருக்குமே. பெரிசா வேண்டாம், விரல் அகலத்துக்கு ஒரு கரை.

தட்டுமனை, சென்னை

நான் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன், 30 வயதுக்கு மேல் வருகிறவர்கள் மட்டும், அதனால் இந்த முட்டிக் கதை எனக்கு வாரம் ஒரு தடவை வரும். மயில்நூல், ஒரு விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வாழ்நாளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இப்போதிருந்து மாசி வரைக்கும் ஒன்று முன்னால் நிற்கத்தான் வேண்டும், அது நடனம்.

காரணம் எளிது. துணி காத்திருக்கும். மயிலை மூன்று மாதம் மடித்து வைத்தால் நாலாவது மாதம் அதே கட்டத்திலிருந்து எடுக்கலாம். உடம்பை மூன்று மாதம் மடித்து வைக்க முடியாது. இரண்டு வாரம் விட்டால், மிக வேகமான மூன்றாம் காலத்தில் நாட்டடவு போடும்போதே மூச்சு சொல்லிவிடும், ஒரு மாதம் விட்டால் அரைமண்டி ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கும். 46 வயதில் அதைத் திரும்ப இறக்க, இருபது வயதுக்காரியைவிட இரண்டு மடங்கு நாள் ஆகிறது, என் மாணவிகளிடம் நான் பார்ப்பது அதுதான். அதற்காக நாளைக்கு இரண்டு மணி நேரம் வேண்டாம். வகுப்பில்லாத நாட்களில் 25 நிமிடம், ஒரே நேரத்தில், தவறாமல். முதல் எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்க மட்டும், கணுக்கால், கெண்டைக்கால், இடுப்பு. அப்புறம் தட்டடவும் நாட்டடவும் முதல் காலம், இரண்டாம் காலம். மூன்றாம் காலம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் செய்த தப்பு நடனத்திலும் இல்லை, ஆரியிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்த பத்து நிமிடத்தில். நாலு மணி நேரம் மடங்கிக் கிடந்த முட்டியை நேராக அரைமண்டிக்குக் கொண்டுபோனீர்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆடுங்கள், அப்புறம் தையுங்கள். ஆடிவிட்டு வந்தால் உடம்பு தளர்ந்திருக்கும், மனசும் ஓரிடத்தில் நிற்கும், எண்ணிக்கையும் தப்பாது. அப்புறம் அரைமண்டியில் முட்டி, கால்விரல் போகும் திசையிலேயே போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பாதத்தை மட்டும் திருப்பி, இடுப்பு திரும்பாமல் நின்றால் அந்த முறுக்கெல்லாம் முட்டியில்தான் விழும். இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதம். டைல்ஸ் தரையில் வெறுமனே தட்டாதீர்கள், மரப்பலகை கிடைத்தால் நல்லது. வலி பத்து நாளைக்கு மேல் நின்றால் எலும்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

விரலுக்கும் ஒன்று சொல்கிறேன். ஊசி பிடிப்பது நம் ஹம்ஸாஸ்யம் என்ற முத்திரை மாதிரிதான், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலில் முத்தைக் காட்டுவதற்கும் அந்த முத்திரைதான் வருகிறது, கோப்பவளின் கை அது. மணிக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் கட்டைவிரல் மூட்டு இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஊசியைக் குத்திவைத்துவிட்டு, பதாகத்தில் ஆரம்பித்து 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் ஒரு சுற்று பிடியுங்கள், இரண்டு கையாலும், அலபத்மத்தில் விரல்களை நன்றாக விரித்து. இரண்டு நிமிடம்தான் ஆகும். தையல் நேரத்திலேயே ஒரு பாடமும் ஆகிவிடும். இதை என்னிடம் படிக்கும் ஒரு பல் டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன், தினமும் நோயாளிகளுக்கு நடுவில் செய்கிறார்.

நூலும் நடனமும் எதிரெதிர் என்று யாராவது சொன்னால் எனக்கு ருக்மிணி தேவி ஞாபகம்தான் வரும். 1904இல் பிறந்தவர், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935இல் அடையாறில் மேடை ஏறியபோது முப்பதைத் தாண்டியிருந்தார். அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். ஆடுவதற்கு நல்ல புடவை வேண்டும், பழைய கரைகளும் நிறங்களும் அழிந்துகொண்டு வருகின்றன என்று அங்கேயே தறி போட்டு நெசவையும் நடத்தினார், பின்னால் துணியில் ஓவியம் போடும் கலம்காரி வேலையும் அங்கே நடந்தது. அந்த அகலக் கரைச் சேலையை இன்றும் கலாக்ஷேத்ரா சேலை என்றுதான் கேட்டு வாங்குகிறோம். ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் தட்டுக்கழி, ஒரு பக்கம் தறி.

மயில்நூல், கோவை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அக்கா பெண்ணுக்குப் போன் போட்டேன். பேச ஆரம்பிக்கும் முன்னால் தொண்டை அடைத்தது. சொன்னதும் அவள், "சித்தி, நீ ஆடறதைப் பார்க்க நானும் அவரும் வர்றோம், கை ரெண்டு மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டாள். நான் இரண்டு வாரமாகப் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு போனுக்கு. இரண்டாவது பிளவுஸும் முதல் பிளவுஸின் முதுகும் இங்கே ஒரு ஆரிக்காரம்மாவிடம் போய்விட்டன. ஆரிக்கட்டில், கட்டிலுக்கு உயரக் கால் வைக்கத் தச்சர் வெள்ளிக்கிழமை வருகிறார், நீங்கள் சொன்ன அளவை எழுதி வைத்திருக்கிறேன்.

மயிலை நேற்றுச் சட்டத்திலிருந்து கழற்றினேன். ரொம்ப நாள் இறுக்கி வைத்திருந்ததால் சட்டத்தின் தடம் பதிந்திருக்கிறது, தண்ணீர் தெளித்து நிழலில் காயப்போட்டேன், பாதிதான் போயிருக்கிறது. சுத்தமான தலையணை உறைக்குள் சுருட்டி வைத்து, எந்த வரிசை, எத்தனையாவது கட்டம், எந்த நம்பர் நூல் என்று ஒரு சீட்டு எழுதிக் குத்தி வைத்தேன். மாசி முடிந்ததும் வாரம் நாலு மணி நேரம் கொடுத்தால் இன்னும் 46 வாரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன். அவசரமில்லை. முன்னே எல்லாம் பாதியில் மடித்து வைத்தால் குற்றம் செய்த மாதிரி இருக்கும். நேற்று அப்படித் தோன்றவில்லை.

தட்டுமனை டீச்சர், காலை 5.40க்கு 25 நிமிடம், மூன்று நாள் ஆகிவிட்டது. இடுப்பைப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்றேன், நீங்கள் சொன்ன அதேதான், பாதத்தை அளவுக்கு மேல் திருப்பிக்கொண்டிருந்தேன். குறைத்ததும் முட்டியில் அந்தப் பிடிப்பு வரவில்லை. அரைமண்டி பார்க்கக் கொஞ்சம் குறுகலாக இருக்கிறது, வகுப்பில் டீச்சரிடம் காட்டினேன், "இதுதான் உன்னோடது" என்றார்.

ரேந்தைப்பாட்டி அம்மா, கலாநிதி அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலையில் ஹாலில் சோபாவை அவரே நகர்த்திப் போட்டு இடம் பண்ணியிருந்தார்.

ஒயில் தம்பி, நீங்கள் சொன்னது தலையில் ஏறிவிட்டது. ஆறு பேருக்கும் இடுப்புப் பட்டைத் துணி வாங்கிவிட்டோம், அரக்கு நிறம். விரல் அகலக் கரை, காம்புத் தையலில் கொடி, கொடிக்கு மூன்றும் நாலுமாக இலை. எங்கள் உருப்படி மிஸ்ர சாப்பு, ஏழு எண்ணிக்கைத் தாளம், அதனால் மூன்றும் நாலும். ஒரு பட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க முதல் பட்டையில் ஒரு சாண் போட்டுப் பார்த்தேன், நாற்பது நிமிடம் ஆனது. கனம் ஏறிவிடுமோ என்று ஒரே சந்தேகம். பட்டைத் துணி கொஞ்சம் மெல்லிசு.

ஒயில், மதுரை

அக்கா, இரண்டு இழையில் போட்டிருந்தால் ஒரே இழைக்கு மாறிவிடுங்கள், பின்பக்கம் நூலை இழுத்துக்கொண்டு போகாமல் ஒவ்வொரு கொடியிலும் முடித்துவிடுங்கள். போட்ட சாணை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். முன்னால் விழ வேண்டிய இடத்தில் விழுந்தால் மிச்சத்தையும் போடலாம்.

மயில்நூல், கோவை

கட்டிப் பார்த்துவிட்டேன் தம்பி, ஹாலிலேயே. ஒரு இழையில் சரியாக விழுகிறது. நாளைக்கு ஆடி முடித்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டாவது சாணை ஆரம்பிக்கிறேன்.